யானோ, யானே

கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் பாடம் நடத்துவது என்றால் தகரக் கூரையோடு போட்டி போட்டுக் கத்துவது. வடகிழக்குப் பருவமழை நீலகிரியின் இந்தச் சரிவில்தான் வஞ்சகமில்லாமல் கொட்டும். தொடங்கிவிட்டால் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். அதனால் வாய்விட்டு வாசிக்க வேண்டிய செய்யுள்களை எல்லாம் ஆவணிக்குள் முடித்துவிடுவேன். இந்தக் கணக்கு பாடத்திட்டத்தில் இருக்காது.

நானும் பல வருஷம் பதவுரை, பொழிப்புரை, இலக்கணக்குறிப்பு என்றுதான் ஓட்டினேன். செய்யுளை ஒருதரம் நானே படிப்பேன், நோட்டில் எழுதச் சொல்வேன், மணி அடித்துவிடும். பிள்ளைகளும் மதிப்பெண் வாங்கினார்கள், குறை சொல்ல முடியாது. மூன்று வருஷம் முன்னால் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் என்னை மாற்றிவிட்டான்.

சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதை. புத்தகத்தில் இல்லாத பகுதி, நானே நகல் எடுத்துக் கொண்டுபோனது. அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்ததால் பொருள் சொல்லாமல், ‘நீங்களே சத்தமாகப் படியுங்கள்’ என்று விட்டுவிட்டேன். அவன் எழுந்து, ‘தேரா மன்னா’ என்றான். எப்படித் தெரியுமா? கையைக் கட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, ஹெட்மாஸ்டர் அறைக்குள் போகிறவன் மாதிரி.

‘ஏண்டா இவ்வளவு மரியாதை?’

‘தேர் வெச்சிருக்கிற ராஜாதானே டீச்சர்?’

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. தேரா மன்னா என்றால் ஆராய்ந்து பார்க்காத மன்னா. வசவு. முந்தின வருஷங்களில் எத்தனை பேர் இதே தேரில் ராஜாவை ஏற்றி வைத்துக்கொண்டு, நோட்டில் மட்டும் ‘ஆராயாத மன்னனே’ என்று சரியாக எழுதிவிட்டுப் போனார்களோ! எழுதும்போது பிடிபடாத தப்பு குரலில் பிடிபட்டுவிட்டது. அப்புறம் நான் முதலில் பொருள் சொல்வதை நிறுத்திவிட்டேன். முதலில் வாய், அப்புறம்தான் நோட்டு.

யோசித்தால் இது ஒன்றும் புதுசு இல்லை. உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை அச்சிட்டது ஓலைச்சுவடிகளை வைத்து. அந்த ஏடுகளில் காற்புள்ளி, கேள்விக்குறி எதுவும் கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளிகூடப் பெரும்பாலும் இருக்காது. எகரமா ஏகாரமா என்பதை வாசிக்கிறவன்தான் முடிவு செய்ய வேண்டும். பொருள் தெரியாமல் வாசிக்க முடியாது, வாசித்துப் பார்க்காமல் பொருளும் தெரியாது. ஆசிரியப்பாவின் ஓசைக்குப் பெயரே அகவல். மயில் அகவுகிறது என்கிறோமே, அதே சொல். கூப்பிடுகிற பாட்டை முணுமுணுத்தால் என்ன கிடைக்கும்?

வகுப்பில் பாதிப் பேர் ஹட்டி என்கிற மலைக் கிராமங்களிலிருந்து வருகிற படகர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் வீட்டில் பேசுவது படக மொழி, தமிழ் பள்ளிக்கூடத்து மொழி. மீதிப் பேரில் நிறைய பேர் தோட்டத்துக் குடும்பங்கள், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். தனியாக எழுப்பினால் இரு தரப்பும் தரையைப் பார்க்கும். சேர்ந்து சொல்லச் சொன்னால் கூரை பிய்யும். அதனால், கண்ணகி ‘வாயிலோயே’ என்று கூப்பிட்டதும் உள்ளே போய் ராஜாவிடம் சொல்கிற வாயிற்காவலனின் பேச்சை மொத்த வகுப்புக்கும் கொடுத்தேன். பயத்தில் அவன் ‘வாழி, வாழி’ என்று அடுக்குவான், ராஜாவைப் ‘பழியொடு படராப் பஞ்சவ’, பழி சேராத பாண்டியனே, என்பான். பழி வாசலில் வந்து நிற்கிறது, இவன் உள்ளே போய் அப்படிச் சொல்கிறான்! நாலைந்து தடவை சொன்னதும் பின் பெஞ்சில் ஒரு படகர் பெண், ‘டீச்சர், இவன் உளர்றான்’ என்றாள். அதுவரை என்னிடம் அவள் சேர்ந்தாற்போல் நாலு சொல் பேசியதில்லை. அவளையே கண்ணகி ஆக்கினேன். தேர்க்காரப் பையன் பாண்டியன்.

வேஷம் கூடாது என்பது என் சட்டம். ஆண்டு விழாவில் அட்டைக் கிரீடம், ஜிகினா, ஒலிபெருக்கியில் முன்பே பதிவு செய்த வசனம், பிள்ளைகள் வாயசைப்பது எல்லாம் பார்த்தாயிற்று. போட்டோ நன்றாக விழும், ஒரு சொல் காதில் விழாது. எங்களுக்கு இரண்டு பிஸ்கட் டின் போதும். ஒன்றில் ஓடைக் கூழாங்கல், இன்னொன்றில் கவ்வாத்துப் படாத, கிளை வெட்டாமல் விட்ட, தேயிலை மரத்தடியில் பொறுக்கிய கொட்டை. கண்ணகி தன் சிலம்பு ‘மணியுடை அரியே’ என்கிறாள், அரசன் எங்களுடையது ‘முத்துடை அரியே’ என்கிறான். அரி என்றால் சிலம்புக்குள் இருக்கிற பரல் என்று வருஷா வருஷம் எழுதிப் போட்டிருக்கிறேன். டின்னைக் குலுக்கியதும், ‘ஓ, வழக்கே உள்ளே இருக்கிறதைப் பத்தித்தானா!’ என்றது ஒரு குரல். சிலம்பை ஏன் உடைத்தாள் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

சிக்கல் பாண்டியனிடம் வந்தது. ‘யானோ அரசன், யானே கள்வன்’ என்கிற இடம். பையன் இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே தாளத்தில், வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தான். நான் செய்து காட்டினேன், என்னைப் போலவே ஒப்பித்தான். அது இன்னும் மோசம். நானோ மதுரைக்காரி, பாண்டியன் எங்கள் ஊர் ராஜா, தோற்கிறபோதாவது ஒழுங்காகத் தோற்க வேண்டாமா?

ஒரு சாயங்காலம் அவன் தாத்தா கூட்டிப்போக வந்து, வாசலில் குடையை மடக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் மாசி மாசம் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டியவர். எனக்கு அதுவரை தெரியாது.

‘நான் ஒண்ணு சொல்லலாமா டீச்சர்?’

‘உள்ளே வாங்கய்யா, சொல்லுங்க.’

பேரனைப் பார்த்து, ‘ஓ-வை இழு. ஏ-யை நறுக்கு. நடுவுல ஒரு மூச்சு விடு. அந்த மூச்சிலதான் அவனுக்குத் தெரியுது’ என்றார்.

அவ்வளவுதான். பையன் ‘யானோ’ என்று இழுத்தான், தன்னையே கேட்பதுபோல. நின்றான். ‘யானே’ என்று வெட்டினான். வகுப்பில் சத்தமே இல்லை. ஓகாரம் எதிர்மறை. ஏகாரம் தேற்றமா பிரிநிலையா என்று நாங்கள் ஆசிரியர் அறையில் சண்டை போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த இரண்டு இடைச்சொல்லும் என்ன செய்கின்றன என்பதை இத்தனை வருஷத்தில் அவ்வளவு சுலபமாக நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

பெண்ணிடமும் திரும்பினார். அவள் கொஞ்சம் விசும்பிக்கொண்டே பேசிப் பழகியிருந்தாள், அது என் தப்பு. ‘நான் ரதி கட்டினவன் தாயி. ரதி அழுவா, மன்மதன் எரிஞ்சு போனான், அவளுக்கு அழறதுதான் வேலை. இந்தப் பொண்ணு அழுது முடிச்சிட்டு வந்திருக்கா. இங்க வழக்குக்கு வந்திருக்கா.’ சரிதானே? கண்ணில் நீர் இருந்தாலும், புலம்பல் எல்லாம் முந்தைய காதையில், ஊர்சூழ்வரியில் முடிந்துவிடுகிறது. நான் முதுகலையில் படித்தது அது.

அந்த வருஷமே பள்ளியைப் பார்வையிட வந்த ஒருவர், பாடப்பகுதியை விட்டுவிட்டு இதென்ன கூச்சல் என்று கேட்டார். பக்கத்து வகுப்பிலிருந்தும் புகார். புகாரில் நியாயம் உண்டு, கணக்குப் பாடத்துக்கு நடுவில் முப்பது பேர் ‘வாழி’ என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? இப்போது மைதானத்து ஓரம் போய்விடுகிறோம், மூடுபனி இறங்கினால் திரும்பிவிடுகிறோம். எல்லாருக்கும் இது பலித்தது என்றும் சொல்லமாட்டேன். இரண்டு பேர் கடைசி வரை வாயைத் திறக்கவில்லை. ஒருவன் டின் குலுக்குவதோடு சரி.

போன வாரம் சாயங்காலம் ஐந்தரை மணி பஸ். பனியில் விளக்கு மட்டும் தெரிந்தது. வழக்கம்போல நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, ‘இடமில்லை, இடமில்லை’ என்று கையை ஆட்டினார். எனக்குப் பின்னால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல், அழுகை துளியும் இல்லாமல், நல்ல அகவலில் கூப்பிட்டது:

‘வாயிலோயே! வாயிலோயே!’

கண்டக்டர் திருதிருவென்று விழித்தார். ஏழு பேர் ஏறிவிட்டோம்.