ஜார்ஜிய வரிசை வீடு மாதிரி: முன்சுவர் வரை

பிரிட்டனில் ஜார்ஜ் மன்னர்கள் காலத்து (ஜார்ஜிய) பாணியிலான லண்டன் பெட்ஃபோர்டு சதுக்கத்து வீடு ஒன்றை 1:24 அளவில் செய்துவருகிறேன். 1775 முதல் 1783 வரை கட்டியவை அந்த வீடுகள். பக்கத்து வீட்டோடு சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு, குறுகலாக, உயரமாக நிற்பவை. என் மாதிரியில் முன்சுவர் இப்போது முடிந்திருக்கிறது.

அசல் செங்கல் சுமார் 9 அங்குலம். இந்த அளவில் 9.5 மில்லிமீட்டர். காற்றில் உலரும் களிமண்ணை மெல்லிய தகடாக உருட்டி, பாதி காய்ந்ததும் கோடு கிழித்து, நன்றாகக் காய்ந்தபின் உடைத்தெடுத்துப் பலகையில் ஒட்டினேன். வரிசைக்குள் செங்கல்லின் நீளப் பக்கம் ஒன்று, குறுகிய தலைப் பக்கம் ஒன்று என மாறி மாறி வரும் ஃப்ளெமிஷ் கட்டு இது. தலைக்கல் ஒவ்வொன்றும் கீழ்வரிசை நீளக்கல்லின் நடுவில் உட்கார வேண்டும். அதற்காக, சுவர் ஓரத்துத் தலைக்கல்லை அடுத்து நெடுக்காகப் பிளந்த ஒரு துண்டு வைக்க வேண்டியிருக்கிறது.

அந்தக் காலத்தில் முகப்புக்கான நல்ல செங்கல் விலை அதிகம். அதனால் தலைக்கல்லைப் பாதியாக உடைத்து வெளியே மட்டும் வைத்த வீடுகள் லண்டனில் நிறைய. பார்வைக்கு ஒழுங்கான கட்டு. உள்ளே இருக்கும் மட்டமான செங்கல்லோடு பிடிப்பு குறைவு. பிற்காலத்தில் முகப்பு வயிறு தள்ளியதற்கு இதுவும் ஒரு காரணம். அவ்வளவு அழகாக அளந்து கட்டிய சுவரில் இப்படிச் செய்திருக்கிறார்களே என்று எனக்கு வருத்தம்தான்.

அப்புறம் ஜன்னல்கள். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். 1666 பெருந்தீக்குப் பிறகு லண்டனில் மரம் வெளியே தெரிவதைச் சட்டங்கள் ஒவ்வொன்றாகக் குறைத்தன. 1707இல் வந்த சட்டம் கூரை விளிம்பின் மர வேலைப்பாட்டைத் தடுத்தது. கைப்பிடிச் சுவர் உயர்ந்து கூரையை மறைத்தது. 1709 சட்டம் ஜன்னலின் மரச் சட்டகத்தைச் சுவர் முகத்திலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளச் சொன்னது. 1774இல் வந்த சட்டத்தால், சட்டகத்தின் பக்கவாட்டு மரப் பெட்டியையே செங்கலுக்குப் பின்னால் ஒளிக்க வேண்டியதாயிற்று.

அந்த 4 அங்குலம் எனக்கு 4 மில்லிமீட்டர் சொச்சம். முதலில் ஜன்னலைச் சுவரோடு சமமாக வைத்துப் பார்த்தேன், பிறகு உள்ளே தள்ளி வைத்தேன். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்ததும் ஒவ்வொரு திறப்பிலும் நிழல் விழுந்து, தட்டையாக இருந்த சுவருக்குக் கனம் வந்துவிட்டது. நெருப்புக்குப் பயந்து போட்ட விதிதான் இந்தத் தெருக்களுக்கு இவ்வளவு அமைதியான முகத்தைக் கொடுத்திருக்கிறது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

ஜன்னல் தலையில் வரும் தட்டை வளைவுக்குத் தேய்த்துச் செதுக்கிய செங்கல்லை மயிரிழைச் சுண்ணாம்புச் சந்தோடு வைப்பார்கள். அதைத் தனித்தனிக் கல்லாக இந்த அளவில் செய்ய முடியாது; ஒரே துண்டாக வெட்டிக் கோடு கீறினேன். நிறத்துக்கு மஞ்சள் காவி, மேலே லேசான கரிப்புகை. லண்டன் செங்கல்லின் மஞ்சள், மண்ணோடு கலந்த சுண்ணாம்புக்கல்லால் வந்தது.

அடுத்து வாசல். பெட்ஃபோர்டு சதுக்கத்தில் அது ‘கோட்’ (Coade) எனப்படும், களிமண்ணைச் சுட்டுச் செய்த செயற்கைக் கல். புழு அரித்தாற்போலச் செதுக்கு வேலை கொண்ட கற்கள், உச்சியில் ஒரு முகம். அந்த முகத்துக்கு அச்சு எடுப்பதா, கையாலேயே செதுக்குவதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.