களைநாசினி கலக்க முதல் தண்ணியைப் பாருங்கோ

கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிகிறதே, அதுதான் எங்கட கிணத்துத் தண்ணியின் குணம். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் சுண்ணக்கல்லுக்குள்ளால் ஊறி வருகிற தண்ணியில் கல்சியம் கூட. நெல்வயலில் அகலஇலைக் களைக்கு அடிக்கிற எம்.சி.பி.ஏ. என்ற களைநாசினி உப்பு வடிவ மருந்து. கல்சியத்தோடு சேர்ந்தால் அது இலைக்குள் இறங்குவது குறைந்துவிடும். களை சுருண்டு, ஒரு கிழமையில் திரும்ப நிமிர்ந்தால் மருந்தின் அளவைக் கூட்டாதேங்கோ. தண்ணியைத் திருத்துங்கோ.

திருத்த அமோனியம் சல்பேற்று உரம் போதும். சல்பேற்று கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், அமோனியம் மருந்தை இலைக்குள் போகவிடும். 16 லீற்றர் தெளிக்கும் மெசினுக்கு 160 கிராம், கல்சியம் மிகக் கூடின கடும் தண்ணியென்றால் 320 வரை. யூரியாவில் சல்பேற்று இல்லை, கல்சியத்தை அது பிடிக்காது. உரத்தை வாளியில் முழுதாய்க் கரைத்து, துணியால் வடித்து, மருந்துக்கு முதல் ஊத்த வேண்டும். மருந்துக்குப் பிறகு போட்டால் கல்சியம் அதற்குள் தன் வேலையை முடித்திருக்கும். வடிக்காவிட்டால் நொசில் அடைக்கும்.

அடுத்தது பரப்பி, அதாவது துளியை இலையில் படரவைக்கிற சேர்மானம். பார்த்தீனியம் இலையில் நுண்ணிய மயிர் இருக்கிறது. வெறும் மருந்துத்தண்ணி அதன்மேல் முத்துமுத்தாய் நின்று காத்துக்கு உருண்டு விழும். அயனற்ற (non-ionic) பரப்பி 16 லீற்றருக்கு 40 மில்லிலீற்றர் சேர்த்தால் துளி தட்டையாய்ப் படரும். அதைக் கடைசியாய் விட்டு மெதுவாய்க் கலக்குங்கோ, முதலில் விட்டால் நுரை பொங்கும். அளவு கூடினால் துளிகள் ஒன்றுசேர்ந்து இலை நுனியால் வடிந்துபோகும். சவுக்காரம் கரைத்து ஊத்துவது எங்கட தண்ணிக்குச் சரிவராது. கல்சியத்தோடு திரிந்து கசடாகி, நொசிலைத்தான் அடைக்கும். சில மருந்துகளில் பரப்பி ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள், லேபிளை வாசித்துவிட்டுச் சேருங்கோ. எண்ணெய்ச் சேர்மானத்தை லேபிள் சொல்லாமல் நெல்லுக்கு விடவேண்டாம், பயிரே கருகலாம்.

களை இரண்டிலிருந்து நாலு இலையில் நிற்கும்போது அடித்தால்தான் இதெல்லாம் பலன் தரும். பூத்த களைக்கு எந்தச் சேர்மானமும் கைகொடுக்காது. வயலில் நிற்கிற தண்ணியை முதலே வடித்துவிடுங்கோ, இலை வெளியில் தெரியவேண்டும்.

பக்கத்தில் மிளகாய், புகையிலை, முந்திரிகைப் பந்தல் இருந்தால் காத்தில்லாத நேரம் பார்த்து அடியுங்கோ. எம்.சி.பி.ஏ. கொஞ்சம் பட்டாலே அந்த இலைகள் கோணும். அதே மெசினால் பிறகு மிளகாய்க்கு அடிப்பதானால் மூன்று தரம் அலசி, 16 லீற்றர் தண்ணிக்கு 160 மில்லிலீற்றர் வீட்டு அமோனியா விட்டு ஓரிரவு ஊறவைத்து, குழாயையும் நொசிலையும் கழற்றிக் கழுவுங்கோ. கழுவின தண்ணியைக் கிணத்தடியில் மட்டும் ஊத்திவிடாதேங்கோ. சுண்ணக்கல் வெடிப்பால் அது நேரே குடிதண்ணிக்குப் போகும்.