மதுவைக் கலந்தபடி கதை சொல்வது

படமும் இசையுமாக, வாசித்தபடியே விளையாடும் கணினி ஆட்டங்களான விஷுவல் நாவல்களுக்கு வசனம் எழுதுவது என் வேலை. திரையின் அடியில் ஓர் உரைப்பெட்டி, அதற்குள் மூன்று வரி. மேலே இடுப்பளவில் நிற்கும் மனித உருவம், அதற்குச் சில முகபாவங்கள். பின்னால் ஓர் ஓவியம், ஓர் இசை. இவற்றை வைத்தே, பெருநிறுவனங்களின் பிடியில் இருக்கும் எதிர்கால நகரம் ஒன்றை வாசகர் மனத்தில் எழுப்ப வேண்டும். எங்கள் ஸ்டூடியோவில் புதிதாகச் சேருபவர்களை நான் முதலில் விளையாடச் சொல்வது ‘விஏ-11 ஹால்-ஏ’.

2016-இல் வெளிவந்த அதைச் செய்தவர்கள், வெனிசுவேலாவைச் சேர்ந்த சுகேபான் கேம்ஸ் என்ற மிகச் சிறிய குழுவினர். 2014-இல் ஒரு சைபர்பங்க் கேம் ஜாமுக்காக, அதாவது இப்படிப்பட்ட எதிர்கால நகரக் கதைகளைக் கருவாக வைத்துக் குறுகிய காலத்தில் ஆட்டம் உருவாக்கும் நிகழ்வுக்காக, செய்த முன்மாதிரிதான் பிறகு முழு ஆட்டமாக வளர்ந்தது. கிளிட்ச் சிட்டி என்ற நகரத்தில், ஒரு சிறிய பாரில் மது கலந்து கொடுப்பவள் ஜில். வெளியே கலவரம் நடக்கிறது, ஊழல் மலிந்திருக்கிறது, காவல் படை மீது யாருக்கும் நம்பிக்கையில்லை. ஆனால் நாம் அந்தத் தெருவுக்குப் போவதே இல்லை. வாடிக்கையாளர்கள் வந்து உட்கார்ந்து பேசுவதுதான் நமக்கு வந்து சேரும் நகரம். துப்பாக்கிச் சண்டையை வரைய வசதியில்லாத ஒரு குழு, சண்டை முடிந்து கை நடுங்க வந்து உட்காருபவரை எழுதியது. வன்முறையின் கனம் எனக்கு அங்கேதான் அதிகம் தெரிகிறது.

அந்த ஆட்டத்தில் என்னை மிகவும் கவர்வது வேறொன்று. இவ்வகை நாவல்களில் வழக்கமாக உரையாடலின் நடுவே இரண்டு மூன்று பதில்கள் தோன்றும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே அது கிடையாது. ஐந்து பொருட்களைக் கலந்து பானம் தயாரிப்பது மட்டுமே நம் பதில். கேட்டதைக் கொடுக்கலாம், வேறொன்றைக் கொடுக்கலாம், போதை தரும் கார்மோட்ரினைக் கொஞ்சம் கூட்டியும் ஊற்றலாம். ஊற்றியதைப் பொறுத்து எதிரில் இருப்பவர் மனம் திறக்கிறார், சுணங்குகிறார், சில சமயம் கதையே திசை மாறுகிறது. ஒரு மனிதரின் தொழிலே அவர் பேசும் மொழியாகிவிடுகிறது. இதை யோசித்தவர்கள் மீது எனக்கு அளவற்ற மரியாதை உண்டு.

‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்ற முத்திரையைப் பார்த்ததும் பலரும் எதிர்பார்ப்பது ஆபாசத்தை மட்டும்தான். எனக்கு அந்தச் சொல்லின் நியாயம் ஜில்லின் வீட்டில் கிடைத்தது. வேலை முடிந்து வந்தால் வாடகையும் கட்டணங்களும் காத்திருக்கின்றன. நடுவே ஏதோ ஒரு பொருளின் மேல் அவளுக்கு ஆசை. அதை வாங்காமல் விட்டால் மறுநாள் வேலையில் கவனம் சிதறுகிறது. வாடிக்கையாளர் கேட்டது திரையில் நினைவூட்டப்படாமல் போகிறது, விளையாடுபவரே நினைவில் வைத்திருக்க வேண்டும். பணக்கவலை ஒருவர் மனத்தை என்ன செய்யும் என்பதை ஒரு வரி வசனமும் இல்லாமல் விளையாடுபவரின் கைக்கே உணர்த்திவிடுகிறார்கள். ஜில் சண்டை போட்டுப் பிரிந்த காதலி இறந்த செய்தி பின்னால் வருகிறது. இறந்தவளுடைய தங்கையை மேசைக்கு இந்தப் பக்கம் நின்று ஜில் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. வாழ்ந்து தழும்பேறியவர்களுக்கான எழுத்து அது. தங்கள் நாட்டு வாழ்க்கையின் நெருக்கடி இதில் படிந்திருப்பதாக அதைச் செய்தவர்களே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ஆட்டத்தின் ஓவியப் பாணிக்கு வேர் ஜப்பானில் இருக்கிறது. 1982-இல் என்இசி நிறுவனம் வெளியிட்ட பிசி-98 வரிசைக் கணினிகளில் 640க்கு 400 புள்ளிகள் என்ற திரையளவு இருந்தது. ஜப்பானிய மொழியில் புழங்கும், நெருக்கமான கோடுகள் கொண்ட ‘கான்ஜி’ எழுத்துகள் தெளிவாகத் தெரிய அந்த அகலம் தேவைப்பட்டது. நிறங்களோ, பின்னால் வந்த பல மாதிரிகளில்கூட, 4096-இலிருந்து ஒரே நேரத்தில் 16 மட்டும். அதனால் ஓவியர்கள் இரண்டு நிறப் புள்ளிகளை மாற்றி மாற்றி நெருக்கமாக வைத்து, இல்லாத மூன்றாவது நிறத்தைக் கண்ணுக்குக் காட்டினார்கள். கறுப்பைத் தாராளமாக விட்டார்கள். இரவு நகரமும் நியான் விளக்கும் அதில் அழகாகப் பொருந்தின. 1988-இல் கொனாமி நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்னாட்சர்’ என்ற சைபர்பங்க் ஆட்டம் இந்த வரிசையில் அல்லாமல், பிசி-88, எம்எஸ்எக்ஸ்2 என்ற வேறு கணினிகளில் வந்தது. இவ்வகைக் கதை எவ்வளவு பழையது என்று கேட்பவர்களுக்கு நான் அதைத்தான் காட்டுவேன்.

இப்போது நாங்கள் செய்வது, செயற்கைக் கை கால்களைப் பழுதுபார்க்கும் இரவுக்கடை ஒன்றின் கதை. கடைக்காரி திருகாணியை எவ்வளவு முறுக்குகிறாள் என்பதே அவளுடைய பதில். காட்சிக்கு மூன்று பதில்களாவது வேண்டும் என்று பணம் போடுபவர்கள் தரப்பில் கேட்கிறார்கள். நான் இதுவரை ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் இளம் ஓவியர் என் பக்கம்தான். கடன் கட்ட முடியாத ஒருவர் தன் கையைக் கழற்றி அடகு வைக்கும் காட்சிக்கு நான் மூன்று பெட்டி வசனம் எழுதியிருந்தேன். படித்துவிட்டு, “அக்கா, இங்கே பேச்சே வேண்டாம். கண்ணை மட்டும் கீழே இறக்கிவிடுகிறேன்” என்றார். வரைந்து காட்டினார். மூன்றையும் எடுத்துவிட்டேன். அந்தக் காட்சியில் இசையும் வேண்டுமா என்று அடுத்த வாரம் இசையமைப்பாளரோடு பேச வேண்டும்.