ஐந்து கட்டங்களில் சுற்றுச்சூழல் இல்லை

எண்ணூர்க் கழிமுகத்தின் நீரையும் மீன்வளத்தையும் கவனித்துவரும் ஒரு சிறிய அறக்கட்டளையில் நான் கணக்குப் பொறுப்பில் இருக்கிறேன். வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கான எங்கள் பதிவு, வேறு பல அமைப்புகளுடையதைப் போலவே, 2021 அக்டோபர் 31-ஆம் தேதியோடு முடிய வேண்டியிருந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் இந்தப் புதுப்பித்தலை ஒரு படிவ வேலை என்று நினைத்துத்தான் அந்தக் கோடையில் தொடங்கினேன். சான்றிதழ் கைக்கு வந்தது 2023-இல்.

முதல் தயக்கம் விண்ணப்பத்திலேயே வந்தது. 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி எங்கள் பணி பண்பாடு, பொருளாதாரம், கல்வி, சமயம், சமூகம் என்ற ஐந்தில் ஒன்றாக இருந்தாக வேண்டும். சுற்றுச்சூழல் என்று தனிக் கட்டம் கிடையாது. ஆற்றில் படியும் அனல்மின் நிலையச் சாம்பலை அளப்பதை எதில் சேர்ப்பது? ‘சமூகம்’ என்பதைத் தேர்ந்தெடுத்தோம். இந்தத் துறையில் பெரும்பாலோர் செய்வதும் அதுதான்.

அடுத்தது தலைப்பெழுத்து. 2020 செப்டம்பரில் வந்த திருத்தம் பொறுப்பாளர்கள் அனைவரின் ஆதார் எண்ணையும் கேட்டது. எங்கள் தலைவருக்கு ஆதாரில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால் இருந்தது. பான் அட்டையில் அதுவே தந்தையின் முழுப்பெயராக விரிந்து முன்னால் நின்றது. அறக்கட்டளைப் பத்திரத்திலோ புள்ளியோடு ஒற்றை எழுத்து. மூவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் தயாரித்து, ஆதாரைத் திருத்தி முடிக்க ஏழு வாரங்கள் ஆயின. விண்ணப்பிக்க நினைப்பவர்கள் இந்த ஒன்றையாவது ஆறு மாதம் முன்பே பார்த்துவிடுங்கள்.

டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் வெளிநாட்டுப் பணம் முதலில் வந்து சேர வேண்டும் என்ற விதி கேட்பதற்குக் கடுமையாகத் தெரிந்தாலும், உள்ளூர்க் கிளை வழியாகவே அந்தக் கணக்கைத் திறக்க முடிந்தது. எங்களை உண்மையில் வருத்தியவை அதே திருத்தத்தின் வேறு இரண்டு பிரிவுகள். நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்ததால், எந்தச் சம்பளம் நிர்வாகம், எது களப்பணி என்று பழைய பற்றுச்சீட்டுகளை எல்லாம் மறுபடி பிரித்தேன். பெற்ற நன்கொடையை இன்னொரு அமைப்புக்குக் கொடுப்பதும் முற்றாகத் தடை செய்யப்பட்டது. எங்களிடம் சிறு தொகை பெற்று, கையால் இறால் பிடிக்கும் பெண்களின் அன்றாடப் பிடிப்பை நோட்டில் குறித்துவந்த பெண்கள் அமைப்பு ஒன்று இருந்தது. அவர்களுக்கும் பதிவு உண்டு. ஆனால் வெளிநாட்டு நிறுவனத்துக்கு நேரடியாக ஆங்கிலத்தில் திட்ட அறிக்கை எழுதித்தர ஆள் இல்லை. அந்த நோட்டு அதோடு நின்றது. நன்கொடையை இன்னொரு அமைப்புக்குக் கொடுப்பதற்கான இந்தத் தடை செல்லும் என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

விண்ணப்பம் நிலுவையில் இருந்தபோது, எங்களைப் போன்றோரின் பதிவுக் காலம் மூன்று மாதம், ஆறு மாதம் எனப் பொது அறிவிப்புகளால் நீண்டுகொண்டே போனது. பணியாளர் ஒப்பந்தங்களையும் நான் மூன்று மாதத்துக்கு மேல் எழுதவில்லை. மாதிரி சேகரிக்கும் பையன், “அக்கா, வண்டி லோன் கேட்டா சம்பள லெட்டர் கேக்குறாங்க” என்று வந்து நின்றபோது எந்தத் தேதி வரை எழுதிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு விசாரணை அலுவலர் வந்தார். மரியாதையாகவே பேசினார், தேநீர் மட்டும் வேண்டாம் என்றார். மறியல், கதவடைப்பு போன்றவற்றில் ஈடுபட்டோமா, மீனவர் போராட்டங்களுக்குப் பணம் கொடுத்தோமா என்று கேட்டார். கூடங்குளம் போராட்டத்தையொட்டி 2012-இல் சில தொண்டு நிறுவனங்களின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டதும், 2015-இல் சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ் இந்தியாவின் பதிவு ரத்தானதும் எங்கள் அறங்காவலர்களுக்கு மனப்பாடம். கட்சி அரசியல் நோக்கமின்றி மக்கள் உரிமைக்குத் துணை நிற்கும் அமைப்பைத் தண்டிக்க முடியாது என்ற 2020 மார்ச் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அச்செடுத்துக் கோப்பின் மேலேயே வைத்திருந்தேன். அவர் அதைப் புரட்டவில்லை. அரசு நடத்திய கருத்துக்கேட்புக் கூட்டங்களில் பேசியது பற்றி மட்டும் எழுத்தில் விளக்கம் கேட்டார். கூட்டத் தேதிகளோடும் நாங்கள் கொடுத்த மனுக்களின் நகல்களோடும் இரண்டு பக்கத்தில் அனுப்பினோம்.

அவர் கேட்காத ஒன்றையும் நாங்கள் செய்தோம். அன்று மாலை அறங்காவலர் கூட்டத்தில் ஆண்டறிக்கையை எடுத்துவைத்து, ‘காலநிலை நீதி’ என்று வந்த இடங்களை எல்லாம் ‘காலநிலை விழிப்புணர்வு’ என்று மாற்றினோம். சாம்பல் குட்டையை ஒட்டிய பட்டியலினக் குடியிருப்பும் மீனவப் பெண்களும் ‘கடலோர மக்கள்’ என்ற ஒரே சொல்லுக்குள் போனார்கள். மாற்றச் சொல்லி எந்தக் கடிதமும் வரவில்லை. தட்டச்சு செய்தது நான்தான், பதினான்கு இடங்கள்.

சான்றிதழ் வந்த அடுத்த மாதம் புதிய துண்டறிக்கையை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். முன்பு அந்த நோட்டு எழுதிய அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்துவிட்டு, “இதுல நாங்க எங்கம்மா இருக்கோம்?” என்றார். ‘கடலோர மக்கள்’ என்ற வரியைக் காட்டினேன். “பங்களாக்காரனும் கடலோரந்தான் இருக்கான்” என்று சொல்லிக் காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். அடுத்த ஆண்டறிக்கையின் வரைவு இப்போது என் மேசையில் இருக்கிறது. அந்தப் பதினான்கு இடங்களில் ஆறில் பழைய சொல்லைத் திரும்ப எழுதி, அறங்காவலர்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.