உரோமக் கடல்நாய்: குட்டியை எண்ணுவதும் நிறுப்பதும்

1800–01 வேட்டைப் பருவத்தில் தென் அட்லாண்டிக் தீவான தென் ஜார்ஜியாவிலிருந்து ஆஸ்பேசியா என்ற ஒரே கப்பல் 57,000 உரோமக் கடல்நாய்த் தோல்களை ஏற்றிச் சென்றது. 1822-க்குள் அங்கிருந்து மொத்தம் போன தோல்கள் சுமார் 12 லட்சம் என்பது வெடல் என்ற கப்பல் தலைவர் போட்ட கணக்கு. பிறகு இனமே அற்றுப்போனதாகத்தான் நினைத்தார்கள். 1930-களில் வடமேற்கு முனையிலுள்ள பேர்ட் தீவில் ஒரு சிறு கூட்டம் தென்பட்டது. அந்த மூலையிலிருந்துதான் மீண்டும் லட்சக்கணக்கில் பெருகின.

பெருக்கம் அந்த மூலையைச் சுற்றியே தொடங்கக் காரணம் உண்டு. பெண் கடல்நாய் தான் பிறந்த இடத்துக்குச் சில மீட்டர் தூரத்திலேயே ஈனும். பழைய கரை நெருக்கடியான பிறகே புதுக் கரைக்கு நகரும். புதுக் கரையில் பெரும்பாலும் இளம் ஆண்கள்தான் முதலில் வந்து படுக்கும். அதைக் குடியேற்றம் என்று எழுதிவிடக் கூடாது. குட்டி பிறக்க வேண்டும்.

குட்டிகளை எண்ணுவது சுலபமல்ல, டசாக் என்ற உயரமான புதர்ப்புல்லுக்குள் புகுந்துகொள்ளும். ஆகவே, உதாரணமாக, 200 குட்டிகளின் தலைமயிரில் கொஞ்சம் கத்தரித்து விட்டுவிடுவார்கள். நன்றாகக் கலந்தபின் 100 குட்டிகளைப் பார்க்கிறோம், 40-இல் அடையாளம் இருக்கிறது என்றால் மொத்தம் சுமார் 500. விளிம்பில் இருப்பவற்றை மட்டும் பிடித்து, அதே விளிம்பில் திரும்ப எண்ணினால் விடை குறைவாகவே வரும். பிரசவங்கள் முடியுமுன் எண்ணினாலும் அப்படியே. அதற்குள் செத்த குட்டிகளைத் தனியே கூட்ட வேண்டும்.

கப்பல்களிலிருந்து கடலில் விழுந்து கழுத்தில் சிக்கும், பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டை இன்னொரு தொல்லை. மயிர் பின்னோக்கிப் படிந்திருப்பதால் வளையம் எளிதில் உள்ளே போகும், வெளியே வராது. உடல் வளர வளரச் சதையை அறுக்கும். கப்பலிலேயே பட்டையை வெட்டிவிட்டால் தீரும் சங்கதி இது.

தீராதது கிரில், அதாவது இவற்றின் முக்கிய இரையான இறால் போன்ற சிற்றுயிர். ஈன்று ஒரு வாரத்தில் இணைசேர்ந்து, தாய் கடலுக்குப் போகும். பிறகு நான்கு மாதம் சில நாள் கடல், ஓரிரு நாள் கரை. கிரில் குறைந்தால் பயணம் நீளும், குட்டியின் எடை ஏறாது. அதனால்தான் எண்ணிக்கையோடு எடையும் பயண நேரமும் குறிக்கப்படுகின்றன. பேர்ட் தீவில் 1980-களுக்குப் பின் ஈனும் பெண்கள் குறைந்து வருவது இந்தப் பதிவுகளில்தான் தெரிகிறது. தென் ஜார்ஜியாக் கடலில் கோடையில் கிரில் பிடிக்கத் தடை. நல்லதுதான். ஆனால் மீன்பிடிக் கப்பல்கள் வரும் குளிர்காலத்தில் தாயின் வயிற்றில் அடுத்த குட்டி வளர்கிறது. என்னைக் கேட்டால் இனி கவனிக்க வேண்டிய பருவம் அதுதான்.