திருவதிகையில் தம்பி பாடிய பதிகம்

யாருக்கு வயிறு வலித்தாலும் எங்கள் பாட்டி முதலில் எடுப்பது விபூதிச் சம்புடத்தைத்தான். நெற்றியில் பூசி, வயிற்றில் தடவி, வாயில் ஒரு சிட்டிகை போடுவாள். அப்புறம் 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்' தொடங்கும். சூலை என்னும் வயிற்றுநோய் தீர நாவுக்கரசர் திருவதிகைச் சிவன்மேல் பாடிய தேவாரப் பதிகம் அது. முடிவதற்குள் தூங்கிப் போயிருப்போம். அப்படிக் கேட்டுக் கேட்டே பத்துப் பாட்டும் எனக்கு மனப்பாடம்.

போன ஐப்பசியில் தம்பிக்குக் கணையம் வீங்கி 19 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். நாலாம் நாள் ராத்திரி, முழங்காலை வயிற்றோடு சேர்த்து மடக்கிக்கொண்டு சுருண்டு கிடந்தான். 'குடரோடு துடக்கி முடக்கியிட' என்று சின்ன வயசிலிருந்து பாடுகிறேன். அதற்கு அர்த்தம் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அவன் காதோரம் மெல்லப் பாடினேன். "நிறுத்தாதேக்கா" என்றான். விடியும்வரை பாடினேன். அப்போது நேர்ந்துகொண்டதுதான் இது. அப்பனே, இவன் எழுந்து நடக்கட்டும், உன் அதிகைக்கே கூட்டிவந்து இவன் வாயாலேயே பாட வைக்கிறேன்.

தை மாதம் கிளம்பினோம். சென்னை கிளாம்பாக்கத்தில் கும்பகோணம் பஸ் ஏறி பண்ருட்டியில் இறங்கினோம். அங்கிருந்து கோயில் கூப்பிடு தூரம்தான். அதற்கு ஆட்டோவில் கேட்ட காசு இருக்கிறதே! வாசலில் வேறு, அர்ச்சனைத் தட்டு வாங்கினால்தான் செருப்பை விடலாம் என்று ஒருவர் மறித்தார். நோயாளியைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் இப்படியா?

அன்றைக்குப் பிரதோஷம். வரிசையில் தம்பி இரண்டு தரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒருவழியாகச் சன்னிதி வந்தது. பதினாறு பட்டை லிங்கமாக ஓங்கி நிற்கிற பெருமான். தீபம் மேலே ஏறியபோது எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. தம்பி கைகூப்பி வாயைத் திறந்தான். "நகருங்க, நகருங்க!" பின்னாலிருந்து தள்ளிய தள்ளில் வெளியே வந்துவிட்டோம். ஒரு சொல்கூடப் பாடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாதேக்கா, அந்த அம்மாகிட்ட போலாம்" என்று அவன்தான் நாவுக்கரசரின் அக்கா திலகவதியார் சன்னிதிக்குக் கூட்டிப்போனான். அங்கே யாருமே இல்லை. பதிகம் பாடியது நாவுக்கரசர்தான், சரி. ஆனால் தம்பிக்காக இந்தப் பெருமானிடம் மன்றாடியது யார்? சமணரை விட்டு ராத்திரியோடு ராத்திரியாக வந்து காலில் விழுந்தவனுக்கு நீறு கொடுத்துக் கோயிலுக்குள் கூட்டிவந்தது யார்? அந்த அக்கா எதிரில் எதைச் சொல்லி விளக்க வேண்டும்!

தம்பி சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். ஆஸ்பத்திரி மருந்துச் சீட்டின் பின்பக்கம் பத்துப் பாட்டையும் பென்சிலால் எழுதி வைத்திருந்தான். மடிப்பில் எழுத்து அழிந்திருந்தது. எப்போது எழுதினானோ, எனக்குத் தெரியாது. பண் ஒன்றும் கிடையாது, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பதுபோலப் பாடினான். ஆறாவது பாட்டில் 'நலந்தீங்கிலும் உன்னை மறந்தறியேன்' என்ற இடத்தில் நின்றுவிட்டான்.

"நான் மறந்துட்டுத்தானேக்கா இருந்தேன். இதை எப்படிப் பாடறது?"

"பாடுடா. சமணத்துக்குப் போய்த் தருமசேனர்னு பேரு வாங்கி, அப்படியே இருந்துட்டு வந்தவர் பாடின வரிதான் அது."

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அந்தப் பாட்டை முதலிலிருந்து எடுத்தான். இந்தத் தடவை குரல் தடுக்கவில்லை. பத்தும் முடிந்தபோது எத்தனை நேரம் ஆனதோ. வரிசை, தள்ளு, ஆட்டோக்காரர், ஒன்றும் மனசில் இல்லை. கெடிலக்கரை அம்மானே, என் பிள்ளை மாதிரி வளர்த்தவனைத் திருப்பிக் கொடுத்தாயே, உனக்கு நான் என்ன செய்யப்போகிறேன்! பெரியநாயகி சன்னிதியிலும் இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பிரகாரத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு போன தயிர்சாதத்தைத் தின்றோம். பாதிதான் சாப்பிடுவான் என்று நினைத்தேன், மிச்சம் வைக்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் அடுத்து சித்திரைச் சதயத்துக்கு வரணும் என்றான், நாவுக்கரசர் குருபூஜைக்கு. அதற்குள் இந்தப் பதிகத்துக்குரிய கொல்லிப் பண்ணை நான் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். விழுப்புரம் வருவதற்குள், அந்தப் பண்ணுக்கு இன்றைக்குப் பாடுகிற நவரோஜ் ராகத்தில் முதல் வரியை நாலு தரம் பாடவைத்துவிட்டான்.