எங்கள் தெருவை நானே காசு கொடுத்துப் பார்த்தேன்

ஒரு வாரமாக வீட்டு ஐயா, என் கணவர்தான், என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் ஒன்றும் செய்யவில்லை. எல்லாம் சென்னை வியாசர்பாடியிலிருந்து வந்திருக்கிற தம்பியால் வந்தது.

தம்பி என்றால் அம்மாவின் சித்தி பேரன். ரங்கூனுக்கு இதுதான் முதல் தடவை. வந்த அன்றே ஷ்வேடகோன் பகோடா பார்த்தாயிற்று, மீன் சாறு ஊற்றிய மோஹிங்கா நூடுல்ஸ் சாப்பிட்டாயிற்று, "எங்க பீச் ரோட்ல அத்தோ இதைவிட நல்லா இருக்கும்" என்று சொல்லி அம்மாவிடம் திட்டும் வாங்கியாயிற்று. மறுநாள் போனைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, ஊரோட இருண்ட வரலாற்றை நடந்தே காட்டுறாங்களாம், நாலு பேருக்கும் பதிஞ்சுட்டேன்" என்றான். ஆளுக்கு முப்பதாயிரம் கியாட்! பிறந்து, வளர்ந்து, கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்ற ஊரை எனக்கே சுற்றிக்காட்ட முப்பதாயிரம். இருட்டுதான் வேண்டுமென்றால் கரண்ட் போனதும் எங்கள் மாடிப்படியில் அஞ்சு மாடி ஏறிப் பாரு தம்பி, இலவசம் என்றேன். அவன் கேட்கிற ஜாதி இல்லை.

ஐயா, "என் ஊர்ல நான் டூரிஸ்டா?" என்று கைலியை இறுக்கிக்கொண்டு படுத்துவிட்டார். கொத்தமல்லி வாங்கக்கூட கீழே இறங்க மாட்டேன், முட்டி வலிக்கிறது என்கிற அம்மா, சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே குளித்து, பவுடர் பூசி, பையோடு கதவருகே நின்றார்.

மகாபந்துலா பூங்காவில் கைடு காத்திருந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். ஒழுங்காக மடித்துக் கட்டிய லோஞ்சி, கையில் கறுப்புக் குடை. "குடையைப் பார்த்துப் பின்னாலேயே வாருங்கள்" என்றான். எங்களைத் தவிர வயதான வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று. 1852 ஆங்கிலேய-பர்மியப் போருக்கு அப்புறம் வெள்ளைக்காரன் எப்படிக் கோடு போட்டுத் தெருக்களை வெட்டினான் என்று ஆரம்பித்தான். நாங்கள் இன்னமும் ஃப்ரேசர் ஸ்ட்ரீட் என்று சொல்கிற அனோரத்தா சாலை, அந்தக் கோடுகளைப் போட்ட ஃப்ரேசர் பெயரில் இருந்ததாம். அம்மா என் காதில், "இதுல எங்கடி இருட்டு? வெயில் மண்டையைப் பிளக்குது" என்றார்.

இருட்டு ஸ்ட்ராண்ட் சாலையில் வந்தது. 1930 மே மாதம். ஐந்தாம் தேதி பெகு நிலநடுக்கம் ரங்கூனையும் சேர்த்து உலுக்கியது. அந்த மாதமே துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தெலுங்குக் கூலிகள் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். அந்த இடத்துக்குப் பர்மாக்காரர்களைச் சேர்த்தார்கள் கம்பெனிக்காரர்கள். பேச்சு முடிந்து பழைய ஆட்கள் திரும்பியதும் புது ஆட்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். வெட்டுக்குத்து தொடங்கியது. தெருத்தெருவாகக் கொலை. கைடு குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த வெள்ளைக்காரப் பாட்டி பக்கத்துச் சுவரைத் தொட்டும் தொடாமலும் காட்டி, இது அந்தக் காலத்து ரத்தமா என்று கேட்டார். சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சிவப்பு. இன்று காலை யாரோ துப்பிய வெற்றிலைச் சாறு, சுண்ணாம்புகூடக் காயவில்லை. தம்பி சிரிப்பை அடக்கப் போய் இருமல் வந்துவிட்டது.

அப்புறம் 1941 டிசம்பர் 23, பட்டப்பகலில் ஜப்பான்காரன் போட்ட குண்டு. அதோடு ஊரே கிளம்பியது. கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் அரக்கான் பக்கமாகவும் மணிப்பூர் பக்கமாகவும் லட்சக்கணக்கில் நடந்தே இந்தியாவுக்குப் போனார்கள். காலராவிலும் பசியிலும் வழியெல்லாம் பிணம். கைடு இதைச் சொல்லி முடிக்கவும், "அக்கா, கால் வலிக்குது, டாக்சி பிடிச்சுடலாமா?" என்று தம்பி கேட்கவும் சரியாக இருந்தது. ஒரு கிலோமீட்டர்கூட ஆகியிருக்காது. அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். "உன் தாத்தனோட அப்பன் நடந்தாரு பாரு, அது நடை" என்றார். அதற்குப் பிறகு அவன் டாக்சி என்ற சொல்லையே எடுக்கவில்லை.

அந்தக் காலத்து அரசாங்கத் தலைமைச் செயலகமான செக்ரடேரியட் வேலிக்கு வெளியே மட்டும் யாரும் எதுவும் பேசவில்லை. 1947 ஜூலை 19, காலை 10.37. கூட்டம் நடந்துகொண்டிருந்த அறைக்குள் துப்பாக்கியோடு நுழைந்தார்கள். சுதந்திரப் போராட்டத் தலைவர் ஆங் சானோடு சேர்த்து ஒன்பது பேர் போனார்கள். அதில் ரசாக் என்கிற கல்வி மந்திரி மண்டலேயில் தலைமையாசிரியராக இருந்தவர். ஜூலை 19 வந்தால் அந்த நிமிஷத்துக்குத் தெருவில் கார்கள் ஹாரன் அடிப்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றார். வேலிக்கு வெளியே, நடைபாதையில். ஏன் என்று நான் கேட்கவில்லை.

திரும்பி மேற்கே அனோரத்தா சாலையில் வரும்போது பயணத்தின் கட்டுப்பாடு அம்மா கைக்குப் போய்விட்டது. தெருவோரக் கடை ஒன்று விடவில்லை. கத்தரிக்காய், கறிவேப்பிலை, ஒரு கட்டு முருங்கைக்காய். பை நிறைந்ததும், "தா, இதைப் பிடி" என்று கைடிடம் நீட்டினார். பர்மாக்காரப் பிள்ளைகளுக்கு யாராவது 'தா' என்று மகனாக்கிக் கூப்பிட்டுவிட்டால் மறுக்க வராது. இடது கையில் குடை, வலது கையில் முருங்கைக்காய். கூட்டத்தில் குடை மறைந்தாலும் முருங்கைக்காய் மறையவில்லை. வெள்ளைக்காரத் தாத்தா அதைப் பார்த்துத்தான் நடந்தார்.

மொகல் தெருவுக்குள் நுழைந்ததும், "இங்கேதான் செட்டியார்கள்..." என்று தொடங்கி, 1964 மார்ச்சில் கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்து 'மக்கள் கடை' என்று பலகை மாட்டியதைச் சொல்லிக்கொண்டே ஒரு போன் கடை முன்னால் நின்றான். "அது இது இல்ல தா, அடுத்தது" என்றார் அம்மா. எல்லோரும் அடுத்த கடைக்கு நகர்ந்தோம். அதுவும் போன் கடைதான். உள்ளே இருந்த பையன் ரீசார்ஜ் எவ்வளவுக்கு என்று கேட்டான்.

அது தாத்தாவின் பலசரக்குக் கடை. எனக்கு இது தெரியும். அடுத்து அம்மா சொன்னது தெரியாது. அதை அவர் பர்மீஸில், அந்தப் பையனைப் பார்த்துச் சொன்னார், எங்களைப் பார்த்து இல்லை. அம்மாவுக்கு அப்போது ஏழு வயது. பட்டாளத்துக்காரர்கள் வந்து சாவியை வாங்கிக்கொண்டு, கடையில் இருப்பதை எல்லாம் எண்ணி எழுதினார்களாம். அரிசி மூட்டை, எண்ணெய் டின், தராசு. கல்லாப் பக்கத்துக் கண்ணாடிச் சாடியில் கருப்பட்டி உருண்டை. அதையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து எண்ணினார்கள். அம்மாவின் வாயில் ஒரு உருண்டை. இதையும் எண்ணுவார்களோ, எண்ணிக்கை குறைந்தால் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போவார்களோ என்று பயந்து, மெல்லவும் மெல்லாமல், துப்பவும் துப்பாமல், அவர்கள் போகிற வரைக்கும் வாயைத் திறக்கவே இல்லையாம்.

கைடு அதை ஆங்கிலத்தில் அவர்களுக்குச் சொன்னான். நான் தமிழில் தம்பிக்குச் சொன்னேன். சொல்லும்போதுதான் எனக்கே தொண்டை கொஞ்சம் அடைத்தது. நாற்பத்தைந்து வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், இந்தக் கருப்பட்டி என் காதுக்கு வர முப்பதாயிரம் கட்ட வேண்டியிருந்திருக்கிறது.

மார்ச்சில் கடை போச்சு, மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டு செல்லாது என்றார்கள். தாத்தா தலையணைக்குள் வைத்துத் தைத்திருந்தது எல்லாம் நூறு. அம்மாவின் சித்தி குடும்பம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியது அந்த வருஷம்தான். கரையிலேயே தாலியைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். "ஆயா கடைசி வரைக்கும் வெறும் மஞ்சக் கயிறுதான்க்கா போட்டிருந்தாங்க, வசதி வந்தப்புறம்கூட" என்றான் தம்பி. ஏனென்று அவனுக்கும் அப்போதுதான் புரிந்தது போல.

1987 செப்டம்பரில் மறுபடியும். இருபத்தைந்து, முப்பத்தைந்து, எழுபத்தைந்து நோட்டுகள் ஒரே நாளில் குப்பை. பதிலுக்கு வந்தவை நாற்பத்தைந்தும் தொண்ணூறும், நாட்டை ஆண்ட பெரியவர் நே வினுக்கு ஒன்பது ராசியான எண் என்று. வெள்ளைக்காரர்கள் கைடு விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தார்கள். ஒன்பதாம் வாய்ப்பாடு எனக்கு இன்று வரை தடுமாறாது என்றால் அந்தப் புண்ணியவானால்தான். அம்மாவின் சீட்டுப் பணம் முழுக்க எழுபத்தைந்தாக இருந்தது.

இவ்வளவு கனத்தோடு எங்கள் தெருவுக்குள் திரும்பினால், கைடு மனநிலையை மாற்ற நினைத்தானோ என்னவோ, மாடிகளிலிருந்து தொங்கும் மணிக்கயிறுகளைக் காட்டினான். கீழே கிளிப்பில் பேப்பரையோ தூக்குப் பையையோ மாட்டிக் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும், வீட்டுக்காரர் இழுத்துக்கொள்வார் என்று விளக்கிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் கைக்கு எட்டிய கயிற்றை இழுத்தும் காட்டினான்.

எங்கள் கயிறு.

ஐந்தாவது மாடியில் ஐயா எட்டிப் பார்த்தார். பனியன், நழுவின கைலி, வாயில் பல் துலக்கும் பிரஷ். நுரையோடு, "யாருடா அது!" என்று ஒரு சத்தம். வெள்ளைக்காரப் பாட்டி அழகாகப் படம் எடுத்துக்கொண்டார். இருண்ட வரலாற்றுப் படங்களோடு அவரும் எங்கேயோ ஒரு நாட்டில் ஒரு போனுக்குள் இருக்கிறார். அதுதான் கோபம்.

கிளம்பும்போது கைடு அம்மாவிடம், உங்களிடம் காசு வாங்கினால் பாவம் என்று முப்பதாயிரத்தை மூன்று பத்தாயிரம் நோட்டாகத் திருப்பி நீட்டினான். வேண்டாம் வேண்டாம் என்று மூன்று முறை மறுத்தார். நாலாவது முறை வாங்கி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "சின்ன நோட்டா இல்லையா தா? பெரிய நோட்டுதான் முதல்ல சாகும்" என்றார். அவன் பக்கத்து டீக்கடையில் மாற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். முருங்கைக்காயைக் கொடுக்க மறந்து அப்படியே கொண்டு போய்விட்டான். அம்மா ரெண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிப் புலம்பினார்.

இன்று காலை பதினோரு மணிக்கு மணி அடித்தது. ஐயா இந்தத் தடவை சட்டை போட்டுக்கொண்டுதான் எட்டிப் பார்த்தார். கீழே கறுப்புக் குடை, பின்னால் ஆறு வெள்ளைக்காரர்கள். கிளிப்பில் ஒரு கட்டு முருங்கைக்காய். திரும்பிப் பார்த்தால் அம்மா கரை போட்ட சேலையில், தலை வாரி, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"முட்டி வலிம்மா?" என்றேன்.

"மொகல் தெரு வரைக்கும்தானேடி" என்றார். "சின்ன நோட்டாத்தான் கொடுக்கணும்னு சொல்லிட்டேன்."